இழுவை மேசையில் 45 முறை

எனக்கு அச்சுத் தொழில். சிவகாசியில் சின்னதாக ஒரு ஆஃப்செட் யூனிட் வைத்திருக்கிறேன். வருஷத்தில் பாதி காலண்டர் வேலை. மீதி லேபிள், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை சாமி முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பித்தால் மார்கழி முடியும்வரை நிற்க நேரமிருக்காது. தொழிலைப் பற்றி முதலில் சொல்லக் காரணம், என் முதுகைப் பற்றி நான் நம்பிய தப்பான விஷயம் இங்கிருந்துதான் வந்தது.

நாலு கலர் அச்சில் ஒவ்வொரு நிறமும் இன்னொன்றின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் சாமி படத்தின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். ‘ரெஜிஸ்டர் விலகியிருக்கு’ என்போம். மெஷினை நிறுத்தி, பிளேட்டைக் கொஞ்சம் இழுத்து, போல்ட்டை முடுக்கி, மறுபடி ஓட்டினால் சேர்ந்துவிடும். இருபத்தைந்து வருஷமாக என் கை செய்கிற வேலை இது. அதனால், 2019 கார்த்திகையில் ஒருவர் என் எம்ஆர்ஐ படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, “எல்4, எல்5 நடுவுல ஜவ்வு விலகியிருக்கு. இழுத்து வச்சாத்தான் உட்காரும்” என்று சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எல்4, எல்5 என்பது கீழ் முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகள்; ஜவ்வு என்பது அவற்றுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க். விலகியது என்றால் இழுத்துச் சேர்க்க வேண்டியதுதானே.

அந்தக் கார்த்திகையில் நடந்தது இதுதான். பேப்பர் ரீம் ஒன்றை அடுக்கிலிருந்து எடுத்துத் திரும்பினேன். 500 தாள், 16 கிலோ இருக்கும். தினமும் இருபது முப்பது முறை தூக்குகிற சுமைதான். அன்று பாதி திரும்பும்போதே குறுக்கில் சுளீரென்றது. ரீம் கையைவிட்டு விழுந்தது. நிமிர முடியவில்லை. கட்டிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே நின்றேன். பையன்கள்தான் வேனில் ஏற்றி வீட்டில் விட்டார்கள்.

அப்போது பத்து முறை டிராக்ஷன், அதாவது மேசையில் படுக்க வைத்து இடுப்பை இழுக்கிற இழுவை சிகிச்சை, எடுத்தேன். இரண்டு வாரத்தில் நடக்க முடிந்தது, மூன்றாவது வாரம் பிரஸ்ஸில் நின்றேன். பார்த்தவர்களிடமெல்லாம் “இழுத்துவிட்டதும் சரியாயிருச்சு” என்று சொன்னேன். நான் சொல்லி நாலு பேராவது அந்த மேசையில் போய்ப் படுத்திருப்பார்கள். திடீரென்று பிடிக்கிற முதுகு வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று வாரம் நான் தைலம் மட்டும் தேய்த்திருந்தால் தைலத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

2021 மார்கழியில் வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை வேறு மாதிரி. சுளீரென்று ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் குறுக்கில் பலகை வைத்த மாதிரி இறுக்கம். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கனமாக, மந்தமாக ஒரு வலி. வலது புட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கம் பாதிவரை இறங்கும். முழங்காலுக்குக் கீழே போகாது. தை போனது, மாசி போனது, வலி போகவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். பெயர் தெரிந்து என்ன செய்ய? நேராக அதே டிராக்ஷனுக்குப் போனேன். 15 முறைக்குச் சீட்டு எழுதினார்கள். ஒரு முறைக்கு 350 ரூபாய்.

அந்த மேசையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசை இரண்டு துண்டு. மேல் துண்டு அசையாது, கீழ்த் துண்டு சக்கரத்தில் நகரும். கீழ் விலா எலும்புகளைச் சுற்றி ஒரு பெல்ட், இடுப்பெலும்பைப் பிடித்தாற்போல் இன்னொரு பெல்ட். மேல் பெல்ட்டைத் தலைமாட்டில் கட்டிவிடுவார்கள். இடுப்புப் பெல்ட்டின் வார்கள் இரண்டும் கால்மாட்டு மோட்டாரின் கயிற்றில் மாட்டும். கெண்டைக்கால் இரண்டையும் ஒரு ஸ்டூல்மேல் தூக்கி வைப்பார்கள், முதுகின் உள்வளைவு தட்டையாவதற்கு. பிறகு ‘உம்ம்’ என்று மோட்டார் சத்தம். கயிறு விறைக்கும். இடுப்பு கால்பக்கம் நகர்வது தெரியும். 30 விநாடி இழுப்பு, 10 விநாடி தளர்ச்சி, மறுபடி இழுப்பு. இப்படி 20 நிமிஷம். பயந்தால் நிறுத்த கையில் ஒரு சுவிட்ச் கொடுப்பார்கள். திரையில் கிலோக் கணக்கு தெரியும். நான் அப்போது 74 கிலோ. 18 கிலோவில் ஆரம்பித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கூட்டி, 34 வரைக்கும் போனார்கள். இழுவைக்கு முன்னால் கரண்ட் வைப்பார்கள், அது தனி.

எதிர்ச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. எங்கள் ஊரில் அச்சடித்ததுதான். முருகன் படம், மயிலின் கழுத்தில் மஞ்சள் சற்றே தள்ளி விழுந்திருந்தது. 15 நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும், இதோ உள்ளே அந்த ஜவ்வு ஒரு நூல் அளவு உள்ளே போகிறது, இதோ சேர்கிறது என்று மனசுக்குள் படம் ஓடும்.

சுகமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கயிறு விறைத்ததும் குறுக்கில் ஒரு காலியிடம் திறந்த மாதிரி இருக்கும். மூச்சு ஆழமாக வரும். சில நாள் தூங்கியே போயிருக்கிறேன். டிராக்ஷனே ஏமாற்று என்று யாராவது சொன்னால் அதனால்தான் எனக்கு ஒப்பாது. படுத்திருக்கும்போது கிடைக்கிற ஆறுதல் நிஜம். ஆனால் பெல்ட்டை அவிழ்த்து, ஒருக்களித்து எழுந்து, வாசலில் செருப்பு மாட்டும்போதே பழைய கனம் திரும்பியிருக்கும். சில நாள் இரண்டு மணி நேரம் தாங்கியது. ஒருநாள்கூட மறுநாள் காலைவரை தாங்கவில்லை. 15 முடிந்தது. வலியை நான் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் 6. கடைசி நாள் 6.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். “சாதா மெஷின்ல இவ்வளவுதான் வரும். கம்ப்யூட்டர் மெஷின்ல போட்டா எந்த டிஸ்க்கோ அதை மட்டும் இழுக்கும்” என்றார் தெரிந்தவர் ஒருவர். மதுரையில் ஒரு சிகிச்சை மையம். ‘டிகம்ப்ரெஷன்’ என்று பெயர். 20 முறைக்கு 22,000 ரூபாய், முன்பணமாக. ஒரு முறைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், அரை மணி நேரம் படுத்து, மறுபடி இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். திரையில் வண்ணப் படம் ஓடியது, இழுக்கிற வேகம் மெதுவாக ஏறி இறங்கியது, நாற்காலி நன்றாக இருந்தது. மற்றபடி அதுவும் இழுவைதான். 20 முறை முடிந்தபோது என் நோட்டில் 6 என்பது 5 ஆகியிருந்தது, இரண்டு வாரத்தில் மறுபடி 6.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த மையத்தில் சொன்ன இன்னொன்றுதான் என்னை மாதக் கணக்கில் முடக்கியது. “இனி குனியவே குனியாதீங்க. வெயிட் தூக்கவே கூடாது. பெல்ட் இல்லாம வெளிய போகாதீங்க. மீறினா ஆபரேஷன்தான்.” கேட்டுக்கொண்டேன். ரீம் தூக்குவதை விட்டேன். மெஷினுக்கு அடியில் குனிவதை விட்டேன். பேத்தி மாதிரி வளர்த்த அக்கா பேத்தி இரண்டு கையையும் நீட்டி வந்தால், உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்வேனே தவிர தூக்க மாட்டேன். பெல்ட் மாதக் கணக்கில் இடுப்பிலேயே இருந்தது. வயிற்றில் வேர்க்குரு, அதைக் கழற்றினால் முதுகு தனியாக விழுந்துவிடும் போல ஒரு பயம். வலி அதே 6. ஆனால் அந்த 6-க்குள் என் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போனது. பிரஸ்ஸில் நான் கல்லாவில் உட்காருகிற ஆளாகிவிட்டேன்.

அந்த நாட்களில் அப்பாவை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1991-இல் அவருக்கும் இதே குறுக்கு வலி. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, இடுப்பில் பெல்ட் கட்டி, கப்பியில் கயிறு போட்டு மணல் பை தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு 15 வயசு. பை ஆடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு பையும் சேர்த்து 8 கிலோ. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்: சாதாரண மெத்தையில் படுத்திருப்பவரின் கீழ் உடம்பு உராய்வைத் தாண்டி அசையவே உடம்பின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விசை வேண்டும். அப்பா 58 கிலோ. 14 கிலோவுக்கு மேல் இழுத்திருந்தால்தான் முதுகுவரை இழுப்பு எட்டியிருக்கும். அந்த எட்டுக் கிலோ செய்த ஒரே காரியம், அவரை எழுந்திருக்கவிடாமல் கட்டிலில் வைத்திருந்ததுதான். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனார். கெண்டைக்கால் சதை வற்றியிருந்தது. நீண்ட நாள் படுக்கை முதுகு வலிக்கு நல்லதில்லை என்பது இன்று மருத்துவத்தில் ஒத்துக்கொண்ட விஷயம். அன்று அதுதான் வைத்தியம்.

2022 ஐப்பசியில் எனக்கு ஒரு திருப்பம் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பக்கவாதம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் அவர்கள் வீட்டுக்கு வருவார். முப்பது வயசுகூட இருக்காது. ஒருநாள் நான் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்து எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்னண்ணே, குறுக்கா?”

கதை முழுவதையும் சொன்னேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். கால் விரலை மேலே தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். நாலு இடத்தில் பணம் கட்டியிருக்கிறேன், இப்படிப் பத்து நிமிஷம் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. பிறகு தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் போட்டார்.

“அதை எடுத்துக் குடுங்கண்ணே.”

என்னால் முடியாது என்றேன். வலிக்குதா என்று கேட்டார். இன்னும் குனியவே இல்லையே, எப்படி வலிக்கும்? குனிந்தால் விலகிவிடும் என்றேன். சொல்லும்போது எனக்கே குரல் உடைந்தது. 46 வயசில் தரையில் கிடக்கிற துண்டைக் கண்டு பயந்து நிற்கிறேன்.

அவர் துண்டை எடுத்து நாற்காலிமேல் வைத்தார். எடுத்தேன். ஸ்டூல்மேல் வைத்தார். எடுத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் போட்டார். முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி எடுத்தேன். ஒரு செங்கல். கடைசியில் தரை. குறுக்கில் இழுத்தது, 6 என்பது 7 ஆனது, நிமிர்ந்ததும் மறுபடி 6. வேறு ஒன்றும் ஆகவில்லை.

“அண்ணே, ஜவ்வு எங்கயும் நகர்ந்து போகலை. நீங்க புத்தகத்துக்கு அட்டையை கம் போட்டு ஒட்டுவீங்கல்ல? அதை விடக் கெட்டியா மேல் எலும்போடயும் கீழ் எலும்போடயும் ஒட்டியே இருக்கிறது அது. வயசாக ஆக ஓரம் கொஞ்சம் பிதுங்கும். உங்க ரிப்போர்ட்ல இருக்கிறது அவ்வளவுதான்.”

“அப்போ அந்த மெஷின்ல படுத்தா ஏம்மா சுகமா இருக்கு?”

“சுமை இறங்குது, இறுகின சதை விடுது, ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துக்கிறாங்க. இழுக்கிற நேரத்துல எலும்புக்கு நடுவுல துளி இடமும் கூடும். எந்திரிச்சு நின்னீங்கன்னா உடம்போட எடை திரும்ப உக்காந்துரும்ணே. ராத்திரி படுத்து எழுந்தாலே ஜவ்வெல்லாம் தண்ணி குடிச்சு நாம ஒரு சென்டிமீட்டருக்கு மேல உயரமாயிருவோம். சாயங்காலத்துக்குள்ள அது இறங்கிரும்.”

எனக்குள் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்த படம் அன்று நின்றது. நான் நினைத்த மாதிரி அங்கே ரெஜிஸ்டர் விலகியிருக்கவில்லை. இழுத்துச் சேர்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ‘விலகல்’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான் 45 முறை படுத்திருக்கிறேன். வைத்தியம் பார்ப்பவர்களை இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: ‘விலகிருச்சு’, ‘நகர்ந்திருச்சு’, ‘தேஞ்சிருச்சு’ என்ற சொற்களைப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்கிறவன் அதை எந்தப் படமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறான் என்பது உங்களுக்குத் தெரியாது.

என் மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். தீபாவளி லீவில் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். காக்ரேன் என்கிற அமைப்பு, உலகம் முழுதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது, 2013-இல் இழுவை சிகிச்சையைப் பற்றி 32 ஆய்வுகளை, 2,762 நோயாளிகளை வைத்துப் பார்த்திருக்கிறது. வலி குறைவதிலோ, அன்றாட வேலை செய்வதிலோ, வேலைக்குத் திரும்புவதிலோ இழுவையால் வித்தியாசம் இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு என்பது அவர்கள் முடிவு. தனியாகக் கொடுத்தாலும் சரி, வேறு சிகிச்சையோடு சேர்த்தாலும் சரி. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டுதல் எழுதுகிற பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2016 நவம்பரில் ஒருபடி மேலே போய், முதுகு வலிக்கு இழுவையைக் கொடுக்காதீர்கள் என்றே எழுதிவிட்டது, காலுக்கு இறங்குகிற சயாட்டிகா இருந்தாலும்கூட. பெல்ட்டுக்கும் அதே பதில். “அப்பா, நீங்க 2019-ல போய்ப் படுத்தப்பவே இது இருந்திருக்கு” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. போன் பண்ணிச் சொன்னாள். அதிலும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்ற பட்டியலில் இழுவை, இடுப்புப் பெல்ட், அல்ட்ராசவுண்ட் எல்லாம் இருந்தன. பரிந்துரைத்த பட்டியலில் உடற்பயிற்சி, நோயைப் பற்றி நோயாளிக்கு விளங்கச் சொல்வது, பயத்தையும் மனச்சோர்வையும் கவனிக்கிற சிகிச்சை போன்றவை. 2020-இல் மட்டும் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது என்று அந்த அமைப்பின் கணக்கு. இத்தனை பேர் படுகிற பாட்டில் இந்தச் செய்தி ஏன் எங்கள் ஊர் மேசைக்கு வந்து சேரவில்லை என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

ஸ்கேனைப் பற்றியும் ஒன்று சொன்னாள், அதைப் பிரஸ் சுவரில் எழுதி ஒட்டலாமா என்று இருந்தது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வு. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ், அதாவது ஜவ்வுப் பிதுக்கம், இருந்தது. 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு இருந்தது. வலி கிடையாது, ஆனால் படத்தில் பிதுக்கம் உண்டு. என் ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தைகள் என்னைக் கொன்றன. அதே வார்த்தைகளைச் சுமந்துகொண்டு பாதி ஊர் கபடி ஆடிக்கொண்டிருக்கிறது. பிதுங்கியது மட்டுமின்றி வெளியே வந்துவிட்ட டிஸ்க்கூட பலருக்கு மாதக் கணக்கில் தானாகச் சுருங்கிவிடுகிறதாம்.

இனி நான் என்ன செய்தேன் என்பது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் வரிசையாகச் செய்தேன். பெல்ட்டை ஒரேயடியாகக் கழற்றவில்லை. முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் மதியம்வரை, ஆறாவது வாரம் அது பீரோவுக்குள் போனது. நடை 8 நிமிஷத்தில் ஆரம்பித்தது, தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்ப. வலி 6-லேயே இருந்தாலும் நடக்கச் சொன்னார் அந்தத் தங்கச்சி. நடந்து முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் அடுத்த நாள் அதே தூரம் போகலாம், மறுநாள் காலைவரை கூடியே இருந்தால் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. இந்த ஒரு விதிதான் எனக்கு மிகவும் உதவியது. அதற்கு முன் வலித்தால் ஒரு வாரம் படுப்பேன், வலி குறைந்தால் ஒரே நாளில் பத்து நாள் வேலையைச் செய்வேன், மறுபடி படுப்பேன். மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் கூட்டி, மாசியில் 40 நிமிஷம் கண்மாய்க் கரையில் நடந்தேன்.

பயிற்சி மூன்றுதான் கொடுத்தார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. நாலுகாலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. மூன்றாவது, தோப்புக்கரணம். காதைப் பிடிக்காமல் நாற்காலிவரை உட்கார்ந்து எழுவதாக ஆரம்பித்து, நாற்காலி ஸ்டூலாகி, இப்போது முழுசாகவே போடுகிறேன், தினமும் 30.

அப்புறம் ரீம். இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பயம் அந்த அடுக்கில்தான் குடியிருந்தது. முதலில் இரண்டு கிலோ அரிசிப் பையை ஸ்டூலிலிருந்து தூக்கினேன். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ. பிறகு பிரஸ்ஸுக்குப் போய்ப் பாதி ரீம், 250 தாளைத் தனியாகக் கட்டி, இடுப்பு உயர அடுக்கிலிருந்து. உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், திரும்பும்போது காலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், இதெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: “எப்படித் தூக்குறீங்கங்கிறதை விட, எவ்வளவுக்குப் பழக்கி வச்சிருக்கீங்கங்கிறதுதான்ணே முக்கியம்.” 2023 பங்குனியில் முழு ரீமைத் தூக்கி ஃபீடரில் வைத்தேன். பைண்டிங்கில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன்.

நோட்டில் 6 என்பது சித்திரையில் 3, ஆடியில் 2. பூஜ்யம் ஆகவில்லை. பயிற்சியும் மந்திரமில்லை, ஆய்வுகளே அதன் பலனை நடுத்தரம் என்றுதான் சொல்கின்றன. ஆனால் அந்த 2-ஐ வைத்துக்கொண்டு நான் எல்லாம் செய்கிறேன். 6-ஐ வைத்துக்கொண்டும் இதில் பாதியைச் செய்திருக்க முடியும் என்பது இப்போது தெரிகிறது.

2023 ஐப்பசியில், காலண்டர் உச்ச நேரத்தில், இரண்டு ராத்திரி தொடர்ந்து கண்விழித்து வேலை பார்த்த பிறகு மறுபடி பிடித்துக்கொண்டது. 8-க்குப் போனது. அன்றிரவு மதுரை மையத்தின் நம்பரை எடுத்துக் கையில் வைத்திருந்தேன், உண்மையைச் சொல்கிறேன். கூப்பிடவில்லை. டாக்டரைக் கேட்டு ஐந்து நாள் மாத்திரை. வெந்நீர் ஒத்தடம். ஒரே மூச்சில் நடக்க முடியாததால் ஐந்து ஐந்து நிமிஷமாக ஒரு நாளைக்கு ஆறு முறை. ஒன்பதாவது நாள் மெஷினில் நின்றேன். வலி திரும்ப வருவது இந்த நோயின் இயல்பு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் மனசு உடையவில்லை. 2024-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றை மகள் அனுப்பினாள். முதுகு வலி வந்து குணமான 701 பேர். ஒரு பாதிக்கு நடைப் பயிற்சித் திட்டமும் ஆலோசனையும், மறு பாதிக்கு ஒன்றுமில்லை. நடந்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆயிற்று, மறு பாதியில் நடுவில் நிற்பவருக்கு 112 நாள்.

இதைப் படிக்கிற யாரும் என் பேச்சை மட்டும் நம்பி டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. உட்காருமிடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரண்டு காலும் துவள்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது என்றாலும் உடனே காட்ட வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், முதுகெலும்பில் கிருமித் தொற்றோ கட்டியோ உள்ளவர்கள், வயிற்றுப் பெரிய ரத்தக் குழாயில் வீக்கம் உள்ளவர்கள் இழுவைப் பக்கமே போகக் கூடாது. மேசையில் படுக்க வைக்குமுன் இதில் ஒன்றைக்கூட என்னிடம் யாரும் கேட்டதில்லை. உங்களிடமும் கேட்காவிட்டால் அங்கே படுக்காதீர்கள்.

அப்படியும் ஒருவர் இழுவை எழுதித் தந்தால் சண்டை போட வேண்டியதில்லை. நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள். எத்தனை முறைக்குள் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவோம்? இதோடு நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? மூன்று நாலு முறையில் அடுத்த நாளைக்கு ஒரு மாற்றமும் இல்லையென்றால் பணத்தை முன்கூட்டிக் கட்டிவிட்டோமே என்பதற்காக மீதியை முடிக்காதீர்கள். நோட்டுப் போட்டு எழுதுங்கள், படுத்து எழுந்த நிமிஷத்தை எழுதாமல் மறுநாள் காலையை எழுதுங்கள்.

போன வாரம் எங்கள் கட்டிங் மெஷின் பையன், 31 வயசு, ஸ்கேன் கவரோடு என் முன்னால் வந்து நின்றான். “அண்ணாச்சி, ஜவ்வு விலகிருச்சாம். பதினஞ்சு நாள் இழுக்கணும்னு சொல்றாங்க. நீங்க எடுத்தீங்கல்ல, நல்லா இருக்குமா?” கால் விரலைத் தூக்கச் சொன்னேன், சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன், மரத்துப்போகிறதா என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முறையாகக் காட்டக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கவரை என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன், வீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று. நாளைக் காலை ஐந்தரைக்குக் கண்மாய்க் கரைக்கு வருகிறான். எட்டு நிமிஷம்தான் முதல் நாள்.